ஐபாடுக்குள் ஒரு வன்தட்டு

பாட்டுக் கேட்பதற்கென்று செய்யப்பட்ட ஒரு கருவியை நான் நெடுங்காலம் கோப்புகளைச் சுமப்பதற்காகவே பையில் வைத்திருந்தேன். 2005 அக்டோபரில் வெளிவந்த ஐந்தாம் தலைமுறை ஐபாட் அது. 30 ஜிபி கொள்ளளவு, கறுப்பு முகம், கை படப்படக் கீறல் விழுந்த பளபளப்பான எஃகு முதுகு. அதில் பாட்டும் இருந்தது, நான் கேட்கவும் செய்தேன். ஆனாலும் என் தொழிலுக்கு அது செய்த பேருதவி, கணினியில் சொருகியவுடன் வேறெந்த மென்பொருளையும் கேட்காமல் தன்னை ஒரு சாதாரண வன்தட்டாகக் காட்டிக்கொண்டதுதான். அந்தப் பண்பைப் பற்றி விரிவாக எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாள் எண்ணம். ஒரு கருவி தன்னைத் திறந்து காட்டுவதற்கும், கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை அதை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

இந்த வசதி பிற்காலத்தில் ஒட்டவைத்த ஒன்றன்று. 2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் முதல் ஐபாடை அறிமுகப்படுத்தியபோதே, அது 5 ஜிபி கொள்ளளவுள்ள கையடக்க ஃபயர்வயர் (கருவிகளைக் கணினியோடு இணைக்கும் அதிவேக இணைப்பு முறை) வன்தட்டாகவும் பயன்படும் என்று சொல்லித்தான் அறிமுகப்படுத்தியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பானுக்குச் சென்றிருந்த ஆப்பிள் பொறியாளர் ஜான் ரூபின்ஸ்டைனிடம் தோஷிபா நிறுவனத்தார் 1.8 அங்குல வன்தட்டு ஒன்றைக் காட்டினார்கள் என்பதும், அத்தனை சிறிய தட்டை எதற்குப் பயன்படுத்துவது என்று அவர்களுக்கே அப்போது தெளிவில்லை என்பதும் பலமுறை எழுதப்பட்ட வரலாறு. அந்தத் தட்டைச் சுற்றித்தான் ஐபாடே கட்டப்பட்டது. அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பு, 2000-ஆம் ஆண்டின் இறுதியில், ஐபிஎம் விற்கத் தொடங்கிய பென்டிரைவின் கொள்ளளவு 8 எம்பி. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், 399 டாலர் கொடுத்து ஐபாட் வாங்கியவர்களில் சிலர் ஏன் அதைப் பாட்டுக்காக மட்டும் வாங்கவில்லை என்பது விளங்கும்.

வேகமும் ஒரு காரணம். அந்தக் காலத்து மற்ற பிளேயர்கள் பெரும்பாலும் யூஎஸ்பி 1.1 வழியே இணைந்தன. அதன் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். கணக்குப்படியே 5 ஜிபியை அனுப்ப ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும், நடைமுறையில் அதைத் தாண்டிவிடும். ஃபயர்வயரின் வேகமோ நொடிக்கு 400 மெகாபிட். மேக் கணினிகளைப் பழுதுபார்ப்பவர்கள் ஐபாடில் ஒரு முழு இயங்குதளத்தையே நிறுவி, நோயுற்ற கணினியை அதிலிருந்து இயக்கிச் சோதித்தார்கள். நம் ஊரில் அந்த வாய்ப்பு அரிது. ஃபயர்வயர் துளையுள்ள கணினிகள் இங்கே ஒலி, ஒளிப் பதிவு நிலையங்களிலும் ஒருசில அச்சு நிலையங்களிலும்தான் இருந்தன. ஐபாட் யூஎஸ்பி 2.0-க்கு வந்த பிறகே எங்களைப் போன்றவர்களுக்கு அது பயன்படும் தட்டாயிற்று.

என் தொழில் புத்தக வடிவமைப்பு. ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருக்கள் அச்சுத் தொழிலுக்குள் வருவதற்கு முந்தைய காலம் அது. பேஜ்மேக்கர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் பக்கம் கட்டி, சென்னையில் திருவல்லிக்கேணி, இராயப்பேட்டைப் பக்கம் உள்ள, அச்சுக்கான ஃபிலிம் எடுக்கும் நிலையத்துக்குக் கொண்டுபோவோம். பக்கக் கோப்பை மட்டும் கொண்டுபோனால் பயனில்லை. அதில் பயன்படுத்திய தமிழ் எழுத்துருக்கள், வைத்த படங்கள் எல்லாவற்றையும் கூடவே கொண்டுபோக வேண்டும். ஒரே ஒரு எழுத்துரு விடுபட்டிருந்தாலும் பேஜ்மேக்கர் தானாகவே வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். கோப்பு திறக்கும்போது தலைப்பு இருந்த இடத்தில் கொம்பும் புள்ளியும் வைத்த ரோமன் எழுத்துகள் வரிசையாக நிற்கும். தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்துச் செய்யப்பட்ட எழுத்துருக்களின் காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. எழுத்துருக்கள் சிறியவைதான், இடத்தை அடைப்பவை படங்கள். ஏ4 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், நான்கு வண்ணத்தில் சேமித்த ஒரு படம் சுருக்காத நிலையில் ஏறத்தாழ 35 எம்பி வரும். அப்படி 40 படங்கள் உள்ள ஒரு புத்தகம் 1.4 ஜிபி.

அன்றைய அகலப்பட்டை (பிராட்பேண்ட்) இணைப்பில் இதை அனுப்புவதை நினைத்தும் பார்க்க முடியாது. 2004-இல் இந்திய அரசு வகுத்த கொள்கையின்படி, நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது அகலப்பட்டை. அந்த வேகம் குறையாமல் கிடைத்தால்கூட 1.4 ஜிபிக்கு பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். குறுந்தகட்டில் எழுதலாம் என்றால் 700 எம்பி வீதம் இரண்டு தகடு. பிழை திருத்தம் வந்தால் இன்னும் இரண்டு. பென்டிரைவ்களோ அப்போது 256 எம்பியிலும் 512 எம்பியிலும் இருந்தன. இந்தச் சூழலில் சட்டைப் பையில் 30 ஜிபியோடு ஒரு தட்டு இருந்தது எத்தகைய வசதி என்பதை இன்றைய இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்வது கடினம். விண்டோஸ் அதை 28 ஜிபிக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். அது ஏமாற்று அன்று, தயாரிப்பாளர் பத்தின் மடங்குகளிலும் விண்டோஸ் இரண்டின் மடங்குகளிலும் எண்ணுவதால் வரும் வித்தியாசம். அதில் பாதியைப் பாட்டுக்கு விட்டு, மீதிப் பாதியில் நடப்பிலுள்ள புத்தகங்கள் அனைத்தையும், என்னிடமிருந்த எழுத்துருக்கள் மொத்தத்தையும், பேஜ்மேக்கர் நிறுவும் கோப்புகளையும் வைத்திருந்தேன். எந்த நிலையத்தின் கணினியில் உட்கார்ந்தாலும் அது என் கணினியாகிவிடும்.

இதற்குச் செய்ய வேண்டிய ஏற்பாடு ஒன்றே ஒன்றுதான். ஐபாடை நிர்வகிக்கும் ஆப்பிள் மென்பொருளான ஐடியூன்ஸில் ஐபாடின் பக்கத்துக்குப் போய், ‘எனேபிள் டிஸ்க் யூஸ்’ என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். குறியிடாவிட்டால், பாட்டுகளை ஒத்திசைத்து முடித்ததும் ஐபாட் தானே கணினியிலிருந்து விலகிக்கொள்ளும். குறியிட்டால் நாமாக வெளியேற்றும்வரை தட்டாகவே நிற்கும். ஒருமுறை இதைச் செய்துவிட்டால் பிறகு ஐடியூன்ஸ் இல்லாத கணினியிலும் அது மை கம்ப்யூட்டரில் ஓர் இயக்கக எழுத்தோடு (E, F போல) வந்து உட்காரும். ஃபிலிம் நிலையத்தில் கணினியை இயக்குபவர் என் ஐபாடை முதன்முறை பார்த்தபோது, “இதுல பாட்டுதானே சார் வரும், இதுக்கு டிரைவர் போடணுமா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் திரையில் கோப்புறை திறந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் தகடு கேட்கவே இல்லை.

அந்தச் சிறு திரையில் தோன்றும் ‘டு நாட் டிஸ்கனெக்ட்’ என்ற எச்சரிக்கையை நான் மிகவும் மதிக்கிறேன். கணினி நாம் பார்க்கும்போதே எழுதி முடித்துவிட்டதாகக் காட்டினாலும், கடைசிச் சில துண்டுகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு தட்டில் எழுதும் வழக்கமுள்ளது. அந்த இடைவெளியில் கம்பியைப் பிடுங்கினால் கோப்பு மட்டுமன்றி, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்துள்ள அட்டவணையே சிதையும். பென்டிரைவில் விளக்கு அணைந்ததா என்று உற்றுப் பார்த்து ஊகிக்க வேண்டும். ஐபாடோ, முறையாக வெளியேற்றியதும் எச்சரிக்கையை எடுத்துவிட்டுத் தன் வழக்கமான பட்டியலுக்குத் திரும்பும். காதருகே வைத்தால் உள்ளே சுழன்றுகொண்டிருந்த தட்டு மெல்லத் தணிந்து நிற்பதும் கேட்கும். வேலை முடிந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எந்தக் கணினியில் ஐபாடை முதலில் தயார் செய்கிறோம் என்பதைப் பற்றிக் கவனம் தேவை. மேக்கில் தயார் செய்தால் தட்டு மேக்கின் சொந்தக் கோப்பமைப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸில் அமையும். அதை விண்டோஸ் தனி மென்பொருள் இன்றிப் படிக்காது. விண்டோஸில் தயார் செய்தால் ஃபேட்32 முறையில் அமையும். அதை மேக், விண்டோஸ், லினக்ஸ் மூன்றும் படிக்கும். ஆகவே பல இடங்களுக்குக் கொண்டுபோகும் ஐபாடை விண்டோஸில் தயார் செய்வதே நல்லது. ஃபேட்32-க்கு உள்ள ஒரு வரம்பு, தனிக் கோப்பு எதுவும் 4 ஜிபியை எட்டக் கூடாது என்பது. புத்தக வேலைக்கு அது குறுக்கே வரவில்லை. வீடியோ வேலை செய்பவர்களுக்கு வந்தது. இன்னொன்று, 80 ஜிபி, 160 ஜிபி ஐபாடுகளை விண்டோஸின் ஃபார்மேட் வசதியால் நேரடியாக அமைக்க முயலக் கூடாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட தட்டுக்கு அது நெடுங்காலம் ஃபேட்32 வாய்ப்பையே தரவில்லை. என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்தாலோ ஐபாடுக்குத் தன் தட்டையே படிக்கத் தெரியாது. ஐடியூன்ஸின் ரெஸ்டோர் (ஐபாடை வாங்கியபோதிருந்த நிலைக்கு மீட்டமைக்கும் வசதி)தான் சரியான வழி.

இனி இந்தக் கருவியின் இரட்டைத் தன்மைக்கு வருகிறேன். நான் போட்ட கோப்புகள் எனக்கு முழுதும் திறந்திருந்தன. நான் போட்ட பாட்டுகள் அப்படி இல்லை. பாட்டுகள் ‘ஐபாட் கண்ட்ரோல்’ என்னும் மறைக்கப்பட்ட கோப்புறைக்குள், ‘மியூசிக்’ என்பதன் கீழ், எஃப்00, எஃப்01 என்று எண்ணிட்ட கோப்புறைகளில் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு பாட்டின் கோப்புப் பெயரும் பொருளற்ற நான்கு எழுத்துகளாக மாற்றப்பட்டிருக்கும். எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்பது தனியொரு தரவுத்தளக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். ஐபாட் அதை மட்டுமே பார்க்கும். அதனால்தான், எம்பி3 கோப்புகளைத் தட்டில் நேரடியாக இழுத்துப் போட்டால் அவை பத்திரமாக இருக்கும், ஆனால் பாட்டுப் பட்டியலில் வாரா. ஒருவருடைய பாட்டுகளை இன்னொருவர் எளிதில் நகல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற இசை நிறுவனங்களின் கவலையே இதற்குப் பின்னால் இருந்தது. ஆனாலும் வெறும் மறைப்புதான், பூட்டு அன்று. மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி அந்தக் கோப்புறையை அப்படியே கணினிக்கு எடுத்து வந்தால், பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் கோப்புக்குள்ளேயே பதிந்திருப்பதால், எந்த இசை மென்பொருளும் அவற்றைப் படித்து ஒழுங்குபடுத்திவிடும். கணினி பழுதாகி, பாட்டுகள் ஐபாடில் மட்டும் எஞ்சிய நண்பர்கள் பலருக்கு நான் இந்த வழியில் மீட்டுக் கொடுத்திருக்கிறேன். கடையில் வாங்கிய பாதுகாப்புப் பூட்டுள்ள பாட்டுகள் வேறு; அவை நகலானாலும் உரிமம் பெற்ற கணினியில்தான் ஒலிக்கும்.

இந்தப் பூசலே வேண்டாம் என்று நினைத்தவர்களுக்கு ராக்பாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆர்க்கோஸ் பிளேயர்களுக்காகத் தொடங்கப்பட்டு, பிறகு ஐபாட், ஐரிவர் என்று பரவிய அந்த மென்பொருள், கோப்புறைகளை உள்ளபடியே காட்டி, அதிலுள்ள பாட்டை உள்ளபடியே ஒலிக்கும். தட்டாகவும் பிளேயராகவும் ஒரே ஒழுங்கில் கருவியைப் பயன்படுத்த விரும்புவோருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

இன்னொரு திசையில் மைக்ரோசாஃப்ட் 2004-இல் விண்டோஸ் மீடியா பிளேயர் 10-உடன் எம்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறையைக் கொண்டுவந்தது. கிரியேட்டிவ், ஐரிவர், சான்டிஸ்க் எனப் பலரும் அதற்கு மாறினார்கள். இந்த இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. தட்டு முறையில், பிளேயர் தன் வன்தட்டு முழுவதையும் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. எந்த இடத்தில் எதை எழுதுவது என்பதைக் கணினியே தீர்மானிக்கிறது. ஒரே தட்டில் இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் அட்டவணை குழம்பும் என்பதால்தான் அப்போது பாட்டு நின்றுவிடுகிறது. எம்டிபி முறையோ ரேஷன் கடை போன்றது: கிடங்கு கடைக்காரர் வசம், நாம் வெளியே நின்று இன்னது வேண்டும் என்று கேட்க வேண்டும், அவர் உள்ளே போய் எடுத்து வருவார். இதில் நன்மை இல்லாமலில்லை. கம்பியைப் பிடுங்கினால் அட்டவணை சிதையாது. கருவியும் வேலையைத் தொடரலாம். ஆண்ட்ராய்டு 2011-இல் தன் 3.0 பதிப்பு முதல் எம்டிபிக்கு மாறியதற்கும் இதுவே காரணம். கணினிக்குத் தட்டைக் கொடுத்துவிட்டு ஃபோன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது.

ஆனால் இழப்பு பெரிது. எம்டிபியில் அந்தக் கருவிக்கு ஓர் இயக்கக எழுத்துக் கிடைக்காது. ஒரு பக்கக் கோப்பை அங்கேயே திறந்து, திருத்தி, அங்கேயே சேமிக்க முடியாது. அதோடு இணைந்த 40 படங்களின் பாதைகளையும் வடிவமைப்பு மென்பொருளால் பின்தொடர முடியாது. பழைய கணினியில் அதற்குரிய மென்பொருள் இல்லையென்றால் கருவியே தெரியாது. ஃபிலிம் நிலையங்களில் அப்போது விண்டோஸ் 2000 கணினிகளும் ஓடிக்கொண்டிருந்தன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சான்டிஸ்கின் சான்சா இ200 வரிசையில், எந்த முறை வேண்டும் என்று பயனரே தேர்ந்துகொள்ளும் வசதி அமைப்புப் பட்டியலில் இருந்தது. எல்லாப் பிளேயர்களும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காசு கொடுத்து வாங்கியவருக்குத் தன் பொருளின் உள்ளே போக ஒரு வழி இருக்க வேண்டும். அதன் இடர்களை எடுத்துச் சொல்லிவிட்டு வழியைத் திறந்துவிடுவதே மரியாதை. ஐபாட் டச்சும் ஐஃபோனும் வந்தபோது ஆப்பிளே தட்டு வசதியைக் கைவிட்டது.

தட்டாகப் பயன்படுத்தும்போது அந்த வன்தட்டு எதற்காக அமைக்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. பாட்டு ஒலிக்கும்போது ஐபாடின் வன்தட்டு தொடர்ந்து சுழல்வதில்லை. சில நொடிகள் சுழன்று, அடுத்தடுத்த பாட்டுகளை நினைவகத்தில் நிரப்பிவிட்டு நின்றுவிடும்; என் 30 ஜிபி ஐபாடில் அந்த நினைவகம் 32 எம்பி. மின்கலம் 14 மணி நேரம் வரை தாங்கும் என்று சொல்லப்பட்டதும், நடக்கும்போது ஆடினாலும் பாட்டு தடைபடாததும் இந்த ஏற்பாட்டால்தான். கணினியில் தட்டாக இணைத்தாலோ அது மணிக்கணக்கில் சுழலும். காற்றோட்டமில்லாத எஃகுப் பெட்டிக்குள் இருக்கும் தட்டு அது. முதுகில் கை வைத்தால் சூடு தெரியும். ஆகவே நான் கடைப்பிடித்த முறை, கோப்புறையை முதலில் நிலையத்தின் கணினிக்கு நகலெடுத்து, ஐபாடை வெளியேற்றி, வேலை முடிந்த பிறகு திருத்திய கோப்பை மட்டும் திருப்பி எழுதுவது. அங்கேயே திறந்து வேலை செய்ய முடியும் என்ற வசதியை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். கைபேசி போலக் கவலையின்றிக் கையாளக்கூடிய பொருளன்று அது. சுழலும்போது மேசையிலிருந்து விழுந்தால் அதோடு முடிந்தது.

கிருமிகள் இன்னொரு தொல்லை. 2006 முதல் சில ஆண்டுகள், பென்டிரைவ் வழியே பரவிய, சொருகியவுடன் தாமே இயங்கும் ஆட்டோரன் வைரஸ்கள் இல்லாத அச்சு நிலையமே இல்லை என்று சொல்லலாம். தட்டாகத் தன்னைக் காட்டும் எதுவும் அவற்றுக்குத் தட்டுதான். ஐபாடில் எழுதுவதைத் தடுக்கும் பொத்தானும் கிடையாது. 2006 செப்டம்பர் 12-க்குப் பிறகு விற்ற வீடியோ ஐபாடுகளில் ஒரு சிறு பங்கு, ஒரு விதமான விண்டோஸ் வைரஸோடு தொழிற்சாலையிலிருந்தே வந்துவிட்டதாக ஆப்பிள் அந்த அக்டோபரில் அறிவித்தது. ஐபாடின் மேல்மட்டத்தில், வைரஸ் தன்னை இயக்கிக்கொள்ள எழுதும் ‘ஆட்டோரன்.ஐஎன்எஃப்’ கோப்பின் பெயரிலேயே ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கி வைப்பது அப்போது பரவலான தற்காப்பு. அதே பெயரில் கோப்பு ஒன்றை வைரஸால் எழுத முடியாமல் போகும்.

பிறர் இதைப் பயன்படுத்திய விதங்களும் சுவையானவை. கதிரியக்க மருத்துவர்கள் ஆன்ட்வான் ரோசேயும் ஒஸ்மான் ராட்டிப்பும் உருவாக்கி 2004-இல் வெளியிட்ட ஓசிரிக்ஸ் என்னும் மருத்துவப் பட மென்பொருள், ஸ்கேன் படங்களை ஐபாடில் எடுத்துச் செல்லும் வசதியைத் தந்தது. ஒரு நோயாளியின் சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ படத்தொகுதி அன்றைய பென்டிரைவ்களில் அடங்காது. மருத்துவர்களின் சட்டைப் பையில் ஐபாட் ஏற்கெனவே இருந்தது. நேர்மாறான வழியில், சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சுமார் 200 டாலருக்கு விற்ற 4 ஜிபி மூவோ பிளேயரைப் புகைப்படக்காரர்கள் வாங்கி, உடைத்து, உள்ளிருந்த மைக்ரோடிரைவ் என்ற மிகச்சிறு வன்தட்டை எடுத்துத் தங்கள் கேமராவில் போட்டுக்கொண்டார்கள். அந்தத் தட்டைத் தனியாக வாங்கினால் விலை இரு மடங்குக்கு மேல். தவறான பயனும் இருந்தது. 2002 தொடக்கத்தில் அமெரிக்காவின் டாலஸ் நகரக் கடை ஒன்றில், ஓர் இளைஞர் காட்சிக்கு வைத்த மேக்கில் தன் ஐபாடைச் சொருகி மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸை அப்படியே நகலெடுத்துச் சென்ற செய்தி வெளிவந்தது. 2004-இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் இத்தகைய கருவிகளை அலுவலகங்களுக்கான பாதுகாப்பு ஆபத்தாகப் பட்டியலிட்டது. மென்பொருள் நிறுவனங்களின் வாயிலில் பையைச் சோதித்து ஐபாடை வாங்கி வைத்ததும் இத்தகைய அச்சத்தால்தான்.

பழைய ஐபாட் ஒன்று வீட்டில் கிடந்தால், அதை இன்றும் தட்டாகப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பயன்படுத்தலாம், ஆனால் ஒரே நகலாக எதையும் அதில் வைக்கக் கூடாது. முதலில் அதன் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். ஐபாட் கிளாசிக்கில் (என் ஐபாடுக்கு அடுத்து வந்த வன்தட்டு வரிசை) மெனு பொத்தானையும் நடுப் பொத்தானையும் சேர்த்து அழுத்தி மறுதொடக்கம் செய்து, ஆப்பிள் சின்னம் வந்ததும் நடுப் பொத்தானையும் பின்செல்லும் பொத்தானையும் அழுத்திப் பிடித்தால் சோதனைப் பட்டியல் வரும். அதில் ஸ்மார்ட் என்ற, வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் விவரங்களைத் திறந்தால், ‘ரீஅலாக்ஸ்’, ‘பெண்டிங் செக்டார்ஸ்’ என்று இரு வரிகள் இருக்கும். முன்னது பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை, பின்னது பழுதாகக் காத்திருப்பவை. இரண்டும் சுழியமாக இருந்தால் நல்லது. பின்னது நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தால் உள்ளிருப்பதை உடனே எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். ஐபாட் தொடங்கவே மறுத்தால், மறுதொடக்கத்தின்போது நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் அழுத்திப் பிடித்து, தட்டாக மட்டும் இயங்கும் டிஸ்க் மோடுக்குள் போகலாம். வழக்கமான மென்பொருள் சிதைந்திருந்தாலும் இது பெரும்பாலும் வேலை செய்யும். கோப்புகளை மீட்க இதுவே கடைசி வாசல்.

வன்தட்டு போய்விட்டால் கருவியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஐஃபிளாஷ் போன்ற சிறு பலகைகளைப் பொருத்தி, 1.8 அங்குலத் தட்டுக்குப் பதில் எஸ்டி அட்டைகளை வைத்து ஓட்டலாம். எடை குறையும், சூடு குறையும், விழுந்தாலும் அச்சமில்லை. இவ்வாறு அட்டை பொருத்திய 2007, 2008 கிளாசிக்குகள் அவற்றின் சொந்த மென்பொருளில் 128 ஜிபிக்கு மேல் அறியா. 2009-இன் 160 ஜிபி கிளாசிக்குக்கு அந்தத் தடை இல்லை. திறப்பதுதான் கடினமான பகுதி. கிளாசிக்கின் உலோக முகம் கொக்கிகளால் இறுகப் பிடித்திருக்கும், அவசரப்பட்டால் வளையும். என் ஐந்தாம் தலைமுறையின் முகம் பிளாஸ்டிக் என்பதால் மெல்லிய நெம்புகோலுக்கே இணங்கியது.

விற்கவோ கொடுக்கவோ எண்ணுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஐடியூன்ஸின் ரெஸ்டோர், அட்டவணையைப் புதிதாக எழுதுகிறதே தவிர, தட்டில் கிடக்கும் பழைய கோப்புகளின் மேல் எழுதுவதில்லை. மீட்பு மென்பொருள் ஒன்றைக் கொண்டு அவற்றை யாரும் எடுத்துவிடலாம். ஐபாடை எல்லாரும் பாட்டுப் பெட்டியாகவே நினைப்பதால், அதில் முன்னாள் உரிமையாளரின் வங்கித் தாள்களும் குடும்பப் படங்களும் இருக்கக்கூடும் என்று விற்பவருக்கே நினைவு வருவதில்லை. தட்டு வசதியைப் பயன்படுத்தியவர்கள், விண்டோஸ் விஸ்டா அல்லது அதற்குப் பிந்தைய கணினி ஒன்றில் ஐபாடை இணைத்து, ‘குவிக் ஃபார்மேட்’ குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் செய்ய வேண்டும். அது தட்டு முழுதும் சுழியங்களை எழுதும். எந்த முறையில் அமைகிறது என்பது அப்போது பொருட்டன்று. பெரிய தட்டானால் பல மணி நேரம் ஆகும். மின்விசிறிக் காற்றில், துணி மேல் அல்லாமல் வெறும் மேசையில் முதுகு படும்படி வைத்துவிடுங்கள். அது முடிந்த பிறகு ரெஸ்டோர் கொடுத்தால், ஐபாட் மீண்டும் பாட்டுக்கும் கோப்புக்கும் தயாராகிவிடும்.